அனுப்பவே இல்லையா, வழியில் தொலைந்ததா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கு இயற்பியல் வரலாறு. ஆனா ஆரம்பிக்கிறது என்னோட ஆபீஸ் கதையில.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரு சர்வீஸிலிருந்து இன்னொரு சர்வீஸுக்குப் போக வேண்டிய மெசேஜ்களில் பாதி வந்து சேரவில்லை. நடுவில் புதுசாக ஒரு க்யூ போட்டிருந்தோம். லோடு ஏறும் நேரத்தில்தான் குறைகிறது. அதனால் க்யூதான் முழுங்குகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரண்டு நாள் அதையே நோண்டினேன். அப்புறம் டீமில் இருந்த சீனியர் அக்கா ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, வழியில தொலைஞ்சுபோச்சுன்னு சொல்றியே, முதல்ல அது கிளம்புச்சான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. க்யூ மேல் ஒரு தப்பும் இல்லை. லோடு கூடினால் அனுப்புகிற சர்வீஸே மெசேஜை உருவாக்காமல் விட்டுக்கொண்டிருந்தது.

இதே கேள்வி 2001 முதல் 2003 வரை நியூயார்க் பக்கத்தில் நூற்றுக்கணக்கான இயற்பியலாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. அவர்கள் தேடியது மெசேஜ் இல்லை, ஜெட். அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதலில், ஜெட் என்றால் என்ன?

விமானம் இல்லை. புரோட்டான், நியூட்ரான் எல்லாம் குவார்க்குகளால் ஆனவை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குவார்க்குகளை ஒட்டி வைத்திருப்பது குளுவான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான விதி: குவார்க்கோ குளுவானோ தனியாக வெளியே வர முடியாது. இரண்டு புரோட்டான்களை வேகமாக மோதவிட்டு, உள்ளே இருக்கிற குவார்க் ஒன்றைத் தட்டி வெளியே தள்ளினால், அது போகிற வழியிலேயே புதுத் துகள்களை உருவாக்கிக்கொண்டே போகும். டிடெக்டரில் நமக்குத் தெரிவது ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கிற ஒரு துகள் கொத்து. அதுதான் ஜெட்.

இன்னொன்று முக்கியம். ஜெட் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். ஒன்று இந்தப் பக்கம் பாய்ந்தால், உந்தம் சமனாக வேண்டும் என்பதால் இன்னொன்று நேர் எதிர்ப் பக்கம் பாயும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1975ல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் ஜெட்டுக்கான முதல் சான்று கிடைத்தது. 1979ல் ஜெர்மனியின் டெசி ஆய்வகத்தில் மூன்று ஜெட் வருகிற மோதல்களைப் பார்த்தார்கள். அந்த மூன்றாவது, குளுவான் விட்டுச் சென்ற தடம். 1982 ஜூலையில் பாரிஸ் மாநாட்டில், செர்ன் ஆய்வகத்தின் யூஏ2 குழு புரோட்டானும் எதிர்புரோட்டானும் மோதியதில் கிடைத்த பளிச்சென்ற ஜெட் ஜோடிகளைக் காட்டியது.

அதற்கு அடுத்த மாதம், ஃபெர்மிலாபில் இருந்த ஜேம்ஸ் பியோர்கன் ஒரு கட்டுரை எழுதினார்.

பியோர்கனின் ஆகஸ்ட் மாதக் கட்டுரை

நண்பர்கள் அவரை பிஜே என்பார்கள். புரோட்டானுக்குள் குவார்க் இருக்கிறது என்பதை நம்பவைத்த கோட்பாட்டு வேலையில் பெரிய பங்கு அவருடையது. 1982ல் அவர் கேட்ட கேள்வி இதுதான்: ஊரெல்லாம் ஜெட் ஜெட் என்று கொண்டாடுகிறோம். அந்த ஜெட் கொதிக்கிற ஒரு பொருளுக்குள் பிறந்தால் என்ன ஆகும்?

கொதிக்கிற பொருள் என்று எதைச் சொல்கிறேன்? புரோட்டானையும் நியூட்ரானையும் போதுமான அளவு சூடாக்கினால் அவை உருகி, குவார்க்கும் குளுவானும் கட்டவிழ்ந்து கலந்த ஒரு குழம்பாகும் என்று 1970களிலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். 1978ல் எட்வர்ட் ஷுர்யாக் அதற்கு வைத்த பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பிரபஞ்சம் பிறந்த முதல் சில மைக்ரோவினாடிகளில் எல்லாமே இப்படித்தான் இருந்தது என்பது கணிப்பு.

அந்தக் குழம்பின் வழியாக ஓடுகிற குவார்க், வழியில் இருப்பவற்றோடு மோதி மோதி ஆற்றலை இழக்கும் என்றார் பியோர்கன். மோதல் குழம்பின் ஓரத்தில் நடந்தால், வெளிப்பக்கம் பாய்கிற ஜெட் தப்பிவிடும். உள்பக்கம் பாய்கிறது முழுக் குழம்பையும் கடக்க வேண்டும், அது மொத்தமாக விழுங்கப்படலாம். அதாவது ஜோடியில் ஒன்று மட்டும் வெளியே வரும். கட்டுரையின் தலைப்பிலேயே ஜெட்டுகள் அழிந்துபோகும் சாத்தியம் பற்றிப் பேசியிருந்தார்.

அந்தக் கட்டுரை எந்த ஆய்விதழிலும் வெளியாகவில்லை. ஃபெர்மிலாபின் முன்வரைவாகவே தங்கிவிட்டது. இன்றைக்கும் இந்தத் துறையில் யார் வரலாறு சொன்னாலும் அதில்தான் ஆரம்பிப்பார்கள்.

1990களில் மிக்லோஷ் கியுலாஷி, சின்-நியான் வாங் போன்றவர்கள் கணக்கை முன்னே கொண்டுபோனார்கள். வெறும் மோதலால் போகிற ஆற்றலைவிட, குழம்பில் தடுக்கப்படும்போது குவார்க் குளுவான்களைக் கதிர்வீச்சாக உதறுவதால் போகிற ஆற்றல்தான் அதிகம் என்று தெரியவந்தது. ஆக, கோட்பாடு தயார். சோதித்துப் பார்க்க மெஷின்தான் இல்லை.

எக்ஸ்ரே எடுக்க முடியாத நோயாளி

இங்கே ஒரு நிமிஷம் நிக்கலாம். இந்தக் குழம்பை ஆராய ஜெட் எதுக்கு?

ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வெளியிலிருந்து ஏதாவது ஒன்றை அனுப்புவோம். எக்ஸ்ரே அப்படித்தான். ஆனால் இந்தக் குழம்பு எவ்வளவு நேரம் இருக்கும் தெரியுமா? ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியாகப் பிரியுங்கள். அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி நூறாகப் பிரியுங்கள். அந்தச் சில்லுகளில் ஒன்றிரண்டு, அவ்வளவுதான் ஆயுள். வெளியிலிருந்து எதையும் அனுப்ப நேரமே கிடையாது.

அதனால், குழம்பை உண்டாக்குகிற அதே மோதலில், ஆரம்பக் கணத்திலேயே பிறக்கிற ஜெட்டைத்தான் எக்ஸ்ரேயாகப் பயன்படுத்த வேண்டும். நோயாளியே தன் எக்ஸ்ரேயையும் தயாரித்துக்கொள்கிற மாதிரி. இதில் ஒரு சிக்கல் இருக்கு. எக்ஸ்ரே மெஷினிலிருந்து எவ்வளவு கிளம்பியது என்று நமக்குத் தெரியும். இங்கே எவ்வளவு கிளம்பியது என்று நேரடியாகத் தெரியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அக்கா கேட்ட கேள்வி ஞாபகம் இருக்குல்ல?

ரிக் கிளம்பியது

2000 பிப்ரவரியில் செர்ன், ஈய அணுக்கருக்களை மோதவிட்டதில் ஒரு புதிய பொருள்நிலைக்கான சான்று கிடைத்திருக்கிறது என்று அறிவித்தது. ஆனால் அந்த ஆற்றலில் வலுவான ஜெட்டுகள் மிக அபூர்வம். ஜெட்டை வைத்து சோதிக்க அதைவிடப் பெரிய மெஷின் வேண்டும்.

அதே வருஷம் ஜூனில் அந்த மெஷின் ஓட ஆரம்பித்தது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். பெயர் ரிக். இரண்டு திசைகளில் தங்க அணுக்கருக்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு நேருக்கு நேர் மோத வைத்தார்கள். சுற்றி நான்கு குழுக்கள்: ஸ்டார், ஃபீனிக்ஸ், ஃபோபோஸ், பிராம்ஸ்.

ஒரு தங்க அணுக்கருவில் 79 புரோட்டான், 118 நியூட்ரான், மொத்தம் 197. இரண்டு அணுக்கருக்கள் நேராக மோதினால், உள்ளே கிட்டத்தட்ட ஆயிரம் தனித்தனி மோதல்கள் நடப்பதாகக் கணக்கு. அப்படியானால், ஒரு புரோட்டான்-புரோட்டான் மோதலில் எவ்வளவு அதிவேகத் துகள் வருமோ, அதைப்போல் ஆயிரம் மடங்கு வர வேண்டும். கணக்கு ரொம்ப எளிமை.

2001 ஜனவரியில், ரிக் இருக்கும் அதே லாங் ஐலண்டில், ஸ்டோனி புரூக்கில் குவார்க் மேட்டர் மாநாடு நடந்தது. முதல் ஓட்டத்தின் தரவுகளை அங்கே காட்டினார்கள். அதிவேகத் துகள்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

சந்தோஷம் ஒரு பக்கம். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. அந்த முதல் ஓட்டத்தின் ஆற்றல் 130 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். அதே ஆற்றலில் புரோட்டான்-புரோட்டான் தரவு கையில் இல்லை. மற்ற ஆற்றல்களில் எடுத்த பழைய தரவுகளை வைத்து இடைப்பட்ட மதிப்பை ஊகித்திருந்தார்கள். எந்த இன்ஜினியரும் சொல்வார்: பேஸ்லைனை நீயே அளக்காமல் குறைந்துவிட்டது என்று சொல்லாதே.

அடுத்த ஓட்டத்தில் அதைச் சரி செய்தார்கள். 200 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் தங்கமும் ஓடியது, புரோட்டானும் ஓடியது. அதே வளையம், அதே டிடெக்டர். இப்போ குறைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எதிர்பார்த்ததில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் வந்தது.

ஸ்டார் குழு இன்னொன்றும் செய்தது. ஒரு தங்க மோதலில் ஆயிரக்கணக்கான துகள்கள் சிதறும். அந்த இரைச்சலில் முழு ஜெட்டைப் பிரித்தெடுப்பது அப்போது முடியாத காரியம். அதனால் ஒரு மோதலில் ரொம்ப வேகமான ஒரு துகளைப் பிடித்து, அதற்கு நேர் எதிர்த் திசையில், 180 டிகிரியில், அதன் ஜோடி இருக்கிறதா என்று எண்ணினார்கள். புரோட்டான் மோதலில் இரண்டு மேடுகள்: பிடித்த துகளின் பக்கம் ஒன்று, எதிர்ப் பக்கம் ஒன்று. தங்கம் நேராக மோதியதில் இந்தப் பக்கத்து மேடு அப்படியே இருக்கு. எதிர்ப் பக்கம் காலி. பியோர்கன் இருபது வருஷம் முன்னாடி எழுதிவைத்த அதே காட்சி.

ஆனால் கிளம்பியதா?

இங்கேதான் அக்காவின் கேள்வி வருது.

2002ல் திமித்ரி கார்சீவ், யூஜின் லெவின், லாரி மெக்லெரன் என்று மூன்று பேர் வேறொரு விளக்கம் கொடுத்தார்கள். இதில் கார்சீவும் மெக்லெரனும் புரூக்ஹேவனிலேயே வேலை பார்த்தவர்கள். அதாவது எதிர்க்கேள்வி அதே வளாகத்திலிருந்தே வந்தது.

அவர்கள் சொன்னது சுருக்கமாக: ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் தங்க அணுக்கருவுக்குள் குளுவான்கள் பெருகி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெரிசலாகும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கை தேங்கிவிடும். அப்போ உங்கள் ஆயிரம் மடங்கு என்ற கணக்கே தப்பு. ஜெட்டுகள் குழம்பில் தொலையவில்லை, ஆரம்பத்திலேயே குறைவாகத்தான் பிறந்தன.

இரண்டு விளக்கத்துக்கும் முடிவு ஒன்றுதான்: டிடெக்டரில் துகள் குறைவு. தங்கத்தோடு தங்கத்தை இன்னும் ஆயிரம் தடவை மோதவிட்டாலும் எது சரி என்று தெரியாது. நான் இரண்டு நாள் க்யூவையே நோண்டிக்கொண்டிருந்த மாதிரிதான்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. தங்க அணுக்கரு அப்படியே இருக்க வேண்டும், குழம்பு மட்டும் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் ட்யூட்ரான். ட்யூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தது, அவ்வளவு சின்னது. அது தங்கத்தைத் துளைத்துக்கொண்டு போகும், ஆனால் பெரிய அளவில் குழம்பை உண்டாக்காது. குளுவான் நெரிசல்தான் காரணம் என்றால், தங்கம் அங்கேயும் இருக்கிறதால் குறைவு அங்கேயும் தெரிய வேண்டும். குழம்புதான் காரணம் என்றால் குறைவு மறைந்துவிட வேண்டும். கார்சீவ் குழுவினர் இந்த மோதலில் குறைவு தெரியும் என்று தரவு வருவதற்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். வளையம் ஓடும் மாதங்கள் எண்ணி வைத்த மாதங்கள். அந்த நேரத்தில் தங்கத்தையே மோதவிட்டு இன்னும் நிறையத் தரவு சேர்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக 2003ன் முதல் சில மாதங்களைத் தங்களுடைய கண்டுபிடிப்பையே கவிழ்த்துவிடக்கூடிய ஒரு சோதனைக்கு ஒதுக்கினார்கள்.

2003 ஜூன் 18ஆம் தேதி புரூக்ஹேவனில் முடிவுகளை அறிவித்தார்கள். நான்கு குழுவும் ஒரே பதில். ட்யூட்ரான்-தங்க மோதலில் குறைவு இல்லை. கொஞ்சம் அதிகமாகவே வந்தது. இந்தக் கூடுதலும் பழகிய விஷயம்தான்: 1970களில் ஃபெர்மிலாபில் ஜேம்ஸ் க்ரோனின் குழு பார்த்தது, இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். ஸ்டார் குழுவின் படத்தில் மூன்று வரைகோடுகள் ஒன்றன் மேல் ஒன்று. புரோட்டான்-புரோட்டானில் எதிர்ப் பக்க மேடு இருக்கு. ட்யூட்ரான்-தங்கத்தில் இருக்கு. தங்கம்-தங்கத்தில் மட்டும் இல்லை.

ஆக, கிளம்பியது. வழியில்தான் தொலைந்தது.

தோற்ற பக்கத்துக்கும் நியாயமாக ஒன்று சொல்லணும். அடுத்த வருஷமே பிராம்ஸ் குழு, ட்யூட்ரான் பாய்ந்த திசையை ஒட்டிய சின்னக் கோணங்களில் பார்த்தபோது அங்கே துகள்கள் குறைந்திருந்தன. குளுவான் நெரிசல் என்ற யோசனை அங்கே இன்னும் உயிரோடு இருக்கு. தப்பாக இருந்தது யோசனை இல்லை, இந்தக் குறைவுக்கு அதுதான் காரணம் என்றது.

ஃபோட்டான் சாட்சி

இன்னொரு சாட்சியும் வந்தது. அதே ஆரம்ப மோதல்களில் குவார்க், குளுவானோடு சேர்ந்து சில சமயம் ஒளித்துகளான ஃபோட்டானும் நேரடியாகப் பிறக்கும். ஃபோட்டானுக்கு வலிய விசை பற்றிக் கவலையே இல்லை. குழம்பு இருப்பதே தெரியாத மாதிரி வெளியே வந்துவிடும். அப்போ ஆயிரம் மடங்கு கணக்கு சரியா என்று பார்க்க ஃபோட்டானை எண்ணினால் போதும். 2005ல் ஃபீனிக்ஸ் குழு எண்ணிக் காட்டியது. ஃபோட்டான்கள் கணக்குப்படியே வந்திருந்தன. எத்தனை கிளம்பின என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அதே வருஷம் ஏப்ரலில் புரூக்ஹேவன் இன்னொரு ஆச்சரியத்தை அறிவித்தது. இந்தக் குழம்பு வாயு மாதிரி இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் துகள்கள் சிதறிய விதத்தைப் பார்த்தால் அது உள்ளுராய்வு மிகக் குறைந்த ஒரு திரவம் மாதிரி ஓடியது. 2010ல் ஃபீனிக்ஸ் குழு அதன் வெப்பநிலையைச் சுமார் 4 லட்சம் கோடி டிகிரி செல்சியஸ் என்று கணித்தது. சூரியனின் மையத்தைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு.

கண்ணால் பார்த்த நாள்

இதுவரை சொன்னதெல்லாம் லட்சக்கணக்கான மோதல்களைக் கூட்டி, சராசரி எடுத்துச் சொன்ன கதை. ஒரே ஒரு மோதலைக் காட்டி, இதோ பாருங்க என்று சொல்ல முடியவில்லை.

2010 நவம்பரில் செர்னின் 27 கிலோமீட்டர் வளையமான எல்எச்சியில் முதல் முறையாக ஈய அணுக்கருக்கள் மோதின. ரிக்கைப்போல் கிட்டத்தட்ட 14 மடங்கு ஆற்றல். இங்கே ஜெட்டுகள் அவ்வளவு பெரியவை, இரைச்சலையும் மீறித் தெரியும். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அட்லஸ் குழு கட்டுரை அனுப்பிவிட்டது. அதில் ஒரு தனி மோதலின் படம்: ஒரு பக்கம் நெட்டையாக ஒரு ஜெட், எதிர்ப் பக்கம் சொல்லும்படி ஒன்றுமில்லை. சராசரி எடுக்காமல், கண்ணால்.

சரி, அந்த ஆற்றல் எங்கே போச்சு? ஆற்றல் அழியாதே! சிஎம்எஸ் குழு 2011ல் தேடிப் பார்த்தது. இழந்த ஆற்றல், ஜெட்டின் திசையை விட்டு வெகுதூரம் விலகி, மெதுவான சின்னச் சின்னத் துகள்களாக அகலமாகச் சிதறியிருந்தது. கையில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு திருவிழாக் கூட்டத்தில் சில்லறையாகி நாலாபக்கமும் உருண்டுபோன மாதிரி. மொத்தம் கூட்டினால் கணக்கு சரியாக வருது.

மிச்சம் இருக்கும் கேள்வி

இப்போ இந்தத் துறை எங்கே நிக்குது? ஜெட் ஆற்றலை இழக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தத் திரவத்தை நுணுக்கமாகப் பார்த்தால் உள்ளே தனித்தனிக் குவார்க்குகள் தெரியுமா, எந்த அளவில் தெரியும் என்பதுதான் இப்போதைய கேள்வி. அதற்காகவே ரிக் வளையத்தில் எஸ்ஃபீனிக்ஸ் என்று ஜெட்டுக்கான புது டிடெக்டர் கட்டி 2023ல் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

இன்னொரு கேள்வி, எவ்வளவு சின்ன மோதலில் ஜெட் விழுங்கப்பட ஆரம்பிக்கும் என்பது. புரோட்டான் மோதல்களில்கூடத் திரவம் மாதிரியான ஓட்டத்தின் அடையாளங்கள் தெரிகின்றன, ஆனால் ஜெட் தொலைவது அங்கே தெரியவில்லை. நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க 2025 ஜூலையில் எல்எச்சியில் ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 1982ல் பியோர்கன் யோசித்தது தங்கத்தையோ ஈயத்தையோ இல்லை. புரோட்டான்கள் மோதி நிறையத் துகள்கள் வருகிற நிகழ்வுகளில்தான் ஜெட் விழுங்கப்படலாம் என்று எழுதினார். அவர் சொன்ன விஷயம் நடந்தது. அவர் சொன்ன இடத்தில் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவர் 2024 ஆகஸ்டில், 90 வயதில் காலமானார். இதழில்கூட வராத தன் கட்டுரையின் காட்சி, அட்லஸ் படமாக உலகம் முழுக்கச் சுற்றியதைப் பார்க்கும் காலம்வரை இருந்தார்.

நான் இப்போ எங்க டீமில் ஏதாவது காணோம் என்று டிக்கெட் வந்தால், முதலில் அக்காவின் கேள்வியைத்தான் எழுதிவைக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: என் விளக்கம் தப்பு என்றால் எந்த டெஸ்டில் தெரியும்? அந்த டெஸ்டை முதலில் ஓட்டுகிறேன். பாதி நேரம் என் விளக்கம் தப்பாகத்தான் இருக்கு. பரவாயில்லை, இப்போ இரண்டு நாள் ஆகிறதில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.